துண்டுக்கடியில் ஒரு மணி நேரம்

பக்கத்துக் கட்டிலில் இருந்த கம்பெனி ஆபரேட்டர், பொழுது போகாமல், கறவை மாடு என்ன விலை என்று கேட்டார். எங்கள் பெரியவர் ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "விலைய வாயில சொன்னா அது வியாபாரமா?" என்று சீறினார். அந்த நொடியில்தான் எனக்கு யோசனை உதித்தது.

பெரியவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். கொரோனா வார்டில் அவருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. குப்புறப் படுத்தால் ஏறும். படுக்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே கட்டில் காலியில்லை. டாக்டர் வாசலிலேயே நின்று, "குப்புறப் படுக்க வைங்க சிஸ்டர்" என்று சொல்லி வைத்தியத்தை முடித்துக்கொண்டார்.

மீதி வைத்தியம் என்னுடையது. பிளாஸ்டிக் உடைக்குள் இட்லி போல வெந்துகொண்டிருந்தேன். கழற்றினால் மாற்று உடை கிடையாது என்பதால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வாசலில் எங்களை வாழ்த்தி ஒரு பேனர் இருந்தது. அதற்கு ஆன செலவில் நாலு பேருக்காவது கவச உடை வாங்கியிருக்கலாம். மத்திகிரியில் என் வாடகை வீட்டுக்காரம்மாவும் மாடியில் நின்று எனக்காகக் கைதட்டினார். தட்டி முடித்த கையோடு வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"பெரியப்பா, குப்புறப் படுங்க."

"மாடுகூட அப்பிடிப் படுக்காது, கண்ணு."

கன்னடத்தில் கெஞ்சினேன், தெலுங்கில் மிரட்டினேன். மூன்று மொழியிலும் மறுக்கத் தெரிந்த மனிதர்.

இப்போது எதுவும் பேசாமல் அவர் துண்டை எடுத்து, சந்தையில் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல எங்கள் இருவர் கைமேலும் போர்த்தினேன். உள்ளே அவர் விரல் இரண்டை அழுத்தினேன். அதாவது, இரண்டு மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும்.

அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. "அடேங்கப்பா, பகல் கொள்ளை!" என்று என் விரலைப் பிடித்தார். இரட்டைக் கையுறையில் அது எத்தனை விரல் என்றே தெரியவில்லை. தெரிந்த மாதிரி முகத்தைச் சுளித்து, கையை உருவிக்கொண்டு கிளம்பினேன்.

"இரு, இரு! உறை போட்டுக்கினு பேரம் பேச வந்தவ, கோவத்தப் பாரு! ஒண்ணு. முடிச்சிக்க."

பேசி முடித்த பேரத்தில் அவர் பின்வாங்குவதில்லை. குப்புறப் படுத்தார். மானிட்டரில் எண் மெல்ல ஏறியது. வேறு யாரும் தட்டவில்லை என்பதால் நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன்.

சரியாக ஒரு மணி நேரம் ஆனதும் புரண்டு மல்லாந்தார். "பேசுனது அவ்வளவுதான்." எண் மறுபடி சரியத் தொடங்கியது.

தவறு என்னுடையதுதான். இரண்டில் ஆரம்பிப்பவள் சந்தைக்கே லாயக்கில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும். இந்த முறை ஆபரேட்டரை நடுவில் தரகராக உட்கார வைத்து, நாலு விரலில் ஆரம்பிக்கப் போகிறேன்.