மஞ்சள் மூலைச் சீட்டுகள்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எண்பது நாளைக்கும் மேல் ஓடியது. என் சாமர்த்தியம்தான் காரணம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓட்டல் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்" செய்யும் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தச் சாலையில் வேலை என்றாலே சாஃப்ட்வேர்தான். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

அதற்கு முன்னால் தாம்பரம் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் இருந்தேன். பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம் எழுதுவது என் வேலை. முதலில் இந்த மரையைத் திருகவும், பிறகு அந்த வால்வைத் திறக்கவும் என்று எழுதுவேன். கம்பெனி மூடியது. கூடுவாஞ்சேரி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் என் மனைவியும் திருப்போரூரில் அப்பா வீட்டுக்கு வந்தோம். எட்டு மாதம் சும்மா இருந்தேன். வேலைக்குப் போகிற வயதில் ஓர் ஆண் காலை பதினோரு மணிக்கு வீட்டில் இருந்தால் தெருவே துக்கம் விசாரிக்கும். நான் வாசலுக்குப் போவதையே விட்டுவிட்டு, உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கிடைத்ததுதான் இந்த வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினி விளையாட்டு செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி. அவர்கள் செய்துகொண்டிருந்தது பெரியவர்களுக்கான விளையாட்டு. கடற்கரையில் ஒரு விடுதி. கீழே மதுக்கூடம், மேலே அறைகள், நடுவில் ஓர் ஆட்ட மேடை. விளையாடுபவர்தான் முதலாளி. வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும், படுக்கை விரிப்பு வெளுக்கப் போட வேண்டும், வருகிறவர்களைத் திருப்திப்படுத்த வேண்டும். திரையில் வரும் பெண்களின் மொத்த உடைக்கும் ஒரு கைக்குட்டைத் துணி போதும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் தொடக்கூடாது என்று முதல் திரையிலேயே எச்சரிக்கை உண்டு. அதற்கு விளக்கப் பக்கங்கள் எழுதத்தான் என்னை எடுத்தார்கள்.

அப்பா முருகன் கோயில் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாக இருப்பவர். நெற்றி நிறைய விபூதியோடு எதிரே உட்கார்ந்து "இன்னா வேலப்பா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? அறை வாடகைக்கு விடுகிறோம், ஆள் வைக்கிறோம், துணி வெளுக்கிறோம். ஓட்டல் நிர்வாகம் என்றால் பாதிதான் பொய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் தகுதிகாண் காலம். மற்ற பக்கங்களையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சீட்டுச் சண்டையில்தான் மாட்டிக்கொண்டேன். விடுதிக்கு வந்து தகராறு செய்கிறவனைக் கையால் அடிக்க முடியாது, சீட்டால்தான் அடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து சீட்டு வரும். அதில் மூன்றைத்தான் இறக்கலாம். மிச்சம் கழிவுக் குவியலுக்குப் போய்விடும். கட்டு தீர்ந்ததும் கழிவையே கலைத்துப் போட்டு மறுபடி தருவார்கள். நம் பொறுமை தீர்வதற்குள் வந்தவனின் கோபத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆரம்பத்தில் கையில் ஒரு டஜன் சீட்டுதான். ஜெயித்தாலும் தோற்றாலும் புதுச் சீட்டு ஒன்று பரிசு. வேண்டுமானால் கட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் மேலாளர் என்னைவிட ஏழெட்டு வயது சிறிய பெண். குரலை உயர்த்தாமல் பேசுவார். அதனாலேயே பயமாக இருக்கும். ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை, விளையாட்டே தெரியாத ஒருத்தரை உட்கார வைக்கிறேன். கையில உங்க பக்கம் மட்டும்தான் இருக்கும். அவங்க முதல் சண்டையில ஜெயிச்சா உங்களுக்கு வேலை நிரந்தரம்" என்றார். ஜெயிக்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் சண்டையில் நானே ஜெயித்ததில்லை. இத்தனைக்கும் சீட்டு எனக்குப் புதிதல்ல. கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறித் தாம்பரம் வரும்வரை, நாலு பேர் முட்டியில் துண்டை விரித்து ஆறு வருடம் ரம்மி ஆடியவன் நான். ஸ்டேஷன் வருவதற்குள் டிக்ளேர் செய்வதில் எங்கள் பெட்டியில் எனக்கு ஒரு மரியாதையே இருந்தது. அந்தத் திமிரோடு உட்கார்ந்தேன். தோற்றேன். கம்ப்யூட்டர் சீட்டைச் சரியாகக் கலைப்பதில்லை என்று நிரல் எழுதும் பையன்களிடம் சண்டைக்குப் போனேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அலுவலகத்தில் நாள் முழுக்க ஆட விடமாட்டார்கள். அதனால் இரண்டாவது வாரத்திலேயே வீட்டில் காகிதத்தில் சீட்டு செய்ய ஆரம்பித்திருந்தேன். எங்கள் வீட்டில் தட்டுப்பாடே இல்லாத ஒரு பொருள் கல்யாணப் பத்திரிகை. திருப்போரூரில் கல்யாணம் வைக்கிறவர்கள் முருகன் காலடியில் பத்திரிகை வைத்த கையோடு அலுவலகத்தில் இருக்கிற அப்பாவுக்கும் ஒன்று நீட்டிவிடுவார்கள். நல்ல கெட்டி அட்டை. சாமி படம் உள்ள பாதியைத் தனியாக வெட்டி, பரண்மேல் ஒரு பிஸ்கட் டின்னில், கீழே நின்றபடியே கையை எட்டி, உள்ளே பார்க்காமல் போட்டுவைப்பேன். மிச்சத்தை ஆறாக வெட்டி, உட்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி எழுதுவேன். சமாதானப் பேச்சு. ஓசி கிளாஸ். அறை மாற்று. காவலாளி. கதவைக் காட்டு. தகராறு செய்ய வருகிற மாலுமிக்கும் ஒன்று. இப்படி நாற்பது சீட்டு. விளையாட்டில் கிடைத்த பரிசு ஒன்றையும் விடவில்லை. வந்த சீட்டை வேண்டாமென்பது ரம்மிக்காரன் ரத்தத்தில் இல்லை.

காகிதத்தில் நான் ராஜா. பத்துக்கு எட்டு ஆட்டம் ஜெயித்தேன். பஸ்ஸில் மடியில் வைத்து ஆடிக்கொண்டே போவேன், ஜெயிப்பேன். அலுவலகத்தில் திரை முன்னால் உட்காருவேன், அதே ஆட்டத்தை ஆடுவேன், தோற்பேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போக வேண்டியிருந்தது. என் மனைவியின் அண்ணன் அங்கே ஒரு லாட்ஜ் நடத்துகிறார். பன்னிரண்டு அறை, மாடியிலிருந்து பார்த்தால் ஒரு கீற்றுக் கடல் தெரியும். போய் உட்கார்ந்து காபி டம்ளரை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ளே, அந்த சாப்ட்வேர எப்பதான் போட்டுத் தருவீங்க? நோட்டுல எழுதி எழுதி பேஜாராப் பூடிச்சி. கம்ப்யூட்டர்கூட வாங்கி வெச்சிகினு கீறேன்."

மேசையில் உறை பிரிக்காமல் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. எனக்காக வாங்கியது. "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு மச்சான்" என்று ஏதோ உளறினேன்.

"இன்னும் எத்தினி நாளு?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட என் நாற்பது சீட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுக்கு அது தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணா, அதெல்லாம் உன் லாட்ஜுக்கு ஒத்து வராது. இதான் அவரு சாப்ட்வேரு."

மச்சான் ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். "போதையேறிய மாலுமி. கோபம் பன்னெண்டு." இன்னொன்றை எடுத்தார். "ஓசி கிளாஸ். கோபம் ரெண்டு குறையும்." என்னைப் பார்த்தார். தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆட்ட மேடை, கைக்குட்டைத் துணி, திங்கட்கிழமை, ஒன்றுவிடாமல். சொல்லி முடித்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பு லேசானது. மச்சான் தொப்பை குலுங்கச் சிரித்தார். "ஓசி கிளாஸ் குடுத்தா எவனுக்குக் கோவம் கொறயுது? ஏறும் மாப்ளே. சரி, போடுங்க, பாப்போம்."

ஆடிக் காட்டினேன். ஜெயித்தேன். மறுபடி ஆடினேன், ஜெயித்தேன். "இப்டி ஆடறவரு அங்க போயி ஏன் தோக்கறீங்க?" என்றார் மச்சான்.

"அவரு சீட்ட பாத்துதான ஆடறாரு" என்றாள் என் மனைவி.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆறு வருட ரயில் சீட்டில் ஒருத்தன் என்னைத் திருடன் என்று சொன்னதில்லை. "எங்க பாத்தேன்?"

அவள் கட்டின் மேல் சீட்டைத் தொட்டுக் காட்டினாள். அதன் மூலையில் மஞ்சள். பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தானே கொடுப்பார்கள்? மூலையில் வெட்டிய சீட்டில் மஞ்சள் இருக்கும், நடுவில் வெட்டியதில் இருக்காது. ஒன்றில் குங்குமமும் சேர்ந்திருக்கும், ஒன்றில் விரல் ரேகையே பதிந்திருக்கும். "இந்தப் பெரிய திட்டு காவலாளி. குங்குமம் இழுத்துகினு இருக்கறது கதவைக் காட்டு. நீங்க ராத்திரில ஆடறத பாத்து பாத்து எனக்கே மனப்பாடம் ஆயிடிச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து காவலாளி வருகிறான் என்று கண் சொல்லிவிட, கையில் இருந்த சமாதானப் பேச்சை இறக்காமல் காத்திருந்தேன். காகிதத்தில் காவலாளியும் வந்தான். திரையில் அவன் வரவில்லை. நாற்பது சீட்டில் எங்கேயோ அடியில் கிடந்தான். வராத சீட்டுக்காகக் காத்திருந்து பொறுமை தீர்ந்து தோற்றுக்கொண்டிருந்தேன்.

மச்சான் ஒரு துண்டைக் கொண்டுவந்து கட்டை மூடினார். துண்டுக்கு அடியில் கைவிட்டு எடுத்தேன். ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. வாழ்க்கையில் ஒரு தோல்விக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது அல்லவா?

என் மனைவி சீட்டே ஆடாதவள். கட்டைப் பிரித்துப் பார்த்து, "எதுக்கு இவ்ளோ? பாதி தண்டம்" என்று காய்கறி ஆய்கிற மாதிரி சொத்தைகளைத் தனியே ஒதுக்கினாள். பன்னிரண்டு சீட்டு மிஞ்சியது. துண்டைப் போட்டு மூடி அவளே ஆடினாள். வந்த ஐந்தில் எது உதவுமோ அதை அப்போதே இறக்கினாள். நாளைக்கு என்று எதையும் வைக்கவில்லை. கட்டு சின்னது என்பதால் காவலாளி சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வந்தான். நாலாவது சுற்றில் மாலுமி அடங்கிவிட்டான். மச்சானின் லாட்ஜ் பெயர் அச்சடித்த தாளை வாங்கி அங்கேயே எழுதினேன். கையில் வந்ததை இப்போதே இறக்குங்கள். வராத சீட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பரிசாக வரும் சீட்டு உதவாது என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பம்புசெட்டுக்கு எழுதியது போலவே எழுத முடிந்தது.

திங்கட்கிழமை, வரவேற்பறைப் பெண்ணைத் திரை முன்னால் உட்கார வைத்தார் மேலாளர். அந்தப் பெண் என் பக்கத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். முதல் சண்டையில் ஜெயித்தாள். பரிசுச் சீட்டு வந்தபோது, "இது வேணாம்னு எழுதியிருக்காரே" என்று தள்ளிவிட்டாள். இரண்டாவது சண்டையிலும் ஜெயித்தாள். மேலாளர் "சரி, சாயந்திரம் ஆர்டர் வாங்கிக்குங்க" என்றார். அவ்வளவுதான். கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். கண்ணும் கொஞ்சம் நனைந்திருந்தது, அதையும் சேர்த்துக் கழுவினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரண்மேல் ஏறினேன். இனி அந்தச் சாமி படங்களை ஒளித்து வைக்க வேண்டாம். கிழிந்த சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாது, கோயில் மரத்தடியில்தான் வைக்க வேண்டும். டின்னைத் திறந்தேன். காலி.

கீழே நின்ற என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "அதுல இன்னா தேடறீங்க? அதெல்லாம் நான் அப்பப்ப எடுத்தாந்து மரத்தடில வெச்சிட்டேன். மாமா கண்ணுல பட்டா இன்னா சொல்லுவீங்க?"

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. சட்டை தொவைக்கும்போது பாக்கெட்டுல மாலுமி கெடச்சாரு."

"அப்பவே ஏன் கேக்கல?"

அவள் டின்னை வாங்கித் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எட்டு மாசமா செவுத்த பாத்துகினு இருந்தீங்க. சீட்ட வெட்ட ஆரமிச்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்ச ஆளா திரும்பி வந்தீங்க. கேட்டா நிறுத்திடுவீங்களேன்னு பயந்துகினு கேக்கல."