தேய்மானம் சாரின் கடை

கோட்டைக் கையில் வாங்கியதும் கடைக்காரர் உள்பக்கத்தை வெளியே புரட்டி, அக்குள் பகுதியில் மூக்கை வைக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு. எதிரே நிற்பவர் நெளிகிறார். விற்க வந்திருப்பவர் அவர். கோட்டு அவர் போட்டுக் கழித்த சொந்தக் கோட்டு.

"வேர்வை இல்ல. பாச்சை உருண்டை வாசம் கொஞ்சம் இருக்கு. ரெண்டு நாள் காத்துல போட்டா போயிடும்."

அடுத்து பொத்தான்கள். ஆடுகிற பல்லை மருத்துவர் அசைத்துப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்க்கிறார். பைக்குள் கைவிட்டு ஓட்டை தேடுகிறார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக் காலருக்கு அடியில் அடிக்கிறார். விற்க வந்தவர் பொறுமை இழந்து ஒரு தொகையைச் சொல்கிறார்.

"அதெப்படிங்க? காலர் கையால தச்சது. உள்துணி நல்ல துணி. நீங்க கேக்கறதவிடக் கூடவே பெறும்" என்கிறார் வாங்குகிறவர்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய மனைவி, கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார்.

தெருவில் அவருக்குத் 'தேய்மானம் சார்' என்று பெயர். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் இழப்பு மதிப்பீட்டாளராக இருந்தவர். தீப்பிடித்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு, கூரை விழுந்த வீடு என்று போய் நின்று, எரிந்ததும் நனைந்ததும் எவ்வளவு பெறும் என்று எழுதிக் கொடுப்பது வேலை. 'தேய்மானம் போக' என்ற சொல் இல்லாமல் அவர் ஒரு தாள் எழுதியதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் வேடிக்கையாக வைத்த பெயர் அது. ஓய்வு பெற்று வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

வீட்டில் இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா என்றால் சும்மா இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, "இன்னும் நாலு வருஷம் தாங்கும்" என்றார். அலமாரிக் கதவைத் திறந்து திறந்து மூடினார். ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "இந்த மிக்ஸிக்கு ஆயுசு ஒரு வருஷம்" என்று சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீங்க வீட்டுல இருந்தா எனக்கும் அவ்வளவுதான் ஆயுசு. வெளிய போய் ஏதாவது செய்யுங்க."

மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரில் பேசினால் வெடுக்கென்று இருக்கும் குரல், ரிசீவரைக் காதில் வைத்ததும் தேனாகிவிடும். கடை வைக்கிற யோசனையும் அவருடையதுதான். மனைவியின் சித்தி, தன் மகளோடு போய் இருக்க வேண்டி வந்து, குடியிருந்த வீட்டைக் காலி செய்தார். பாதிச் சாமானைக் குப்பை வண்டியில் ஏற்ற வாசலில் குவித்திருந்தார்கள். சார் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு தோல் பெட்டி, ஒரு மடிப்புக் கேமரா, ஒரு கம்பளிக் கோட்டு, பதினொரு கோப்பைகள். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "இதெல்லாம் குப்பைக்கா போகுது?" என்று யாரிடம் என்று இல்லாமல் கேட்டார். நல்ல பொருளை நல்ல பொருள் என்று அவர் வாய்விட்டுச் சொல்லி மனைவி கேட்டது அதுதான் முதல் தடவை.

மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ரயில் பெட்டி போல நீளமும் ஒடுக்கமுமான அறை. சுவரில் இன்னும் மை வாசம் போகவில்லை. ஒரு பக்கம் குழாய் அடித்துத் துணிகளைத் தொங்கவிட்டார்கள். மறுபக்கம் பலகைகளில் கோப்பை, கடிகாரம், ரேடியோ, மூக்குக் கண்ணாடிச் சட்டம். நடுவில் ஒருவர் போனால் இன்னொருவர் வர முடியாது. மனைவியின் தம்பி வந்து பார்த்துவிட்டு, "மச்சான், ரிடையர் ஆனவங்க பழசை ஒதுக்குவாங்க, நீங்க சேக்கறீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

"ஆறு மாசம் பார்ப்போம். ஓடலன்னா பூட்டிடுவோம்" என்றார் மனைவி.

ஓடவில்லை. காரணம் சாருடைய வாய். கல்யாணமாகிப் புது வீடு போகிற ஒரு ஜோடி முதல் மாதமே வந்தது. தோல் பெட்டியைத் தொட்டுப் பார்த்த பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. பையன் பர்ஸை எடுத்தும்விட்டான். சார் விடவில்லை. "கேட்டுட்டு எடுங்க. கீல் ஒண்ணு புதுசா மாத்தினது. உள்ள ஒட்டின தாள் அசல் இல்ல" என்றார். பரவாயில்லை என்றார்கள். "இன்னொண்ணும் இருக்கு. அடியில பாருங்க, பூஞ்சை பிடிச்சுத் தொடச்ச தடம்." ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

வாங்கும்போது நிறையைச் சொல்லி விலையை ஏற்றுவார். விற்கும்போது குறையைச் சொல்லி ஆளை அனுப்பிவிடுவார். இப்படியொரு வியாபாரியை அந்தத் தெரு பார்த்ததில்லை.

நாலாவது மாதம் முடிகிற நேரம். வாடகையை மனைவியின் பென்ஷனிலிருந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று கதவைச் சாத்திவிட்டு மனைவி அவரை உட்கார வைத்துப் பேசினார்.

"ஏங்க, இது கடையா, புகார்ப் பெட்டியா?"

"மறைச்சு விக்கச் சொல்றியா?"

"மறைக்கச் சொல்லல. வாயால சொல்லி விரட்டாதீங்கன்னுதான் சொல்றேன். எழுதித் தொங்கவிடுங்க. படிக்கிறவங்க படிக்கட்டும். நீங்க அந்தப் பக்கமா திரும்பி நில்லுங்க."

எழுதுவது அவருக்குக் கைவந்த வேலை. மூன்று நாள் உட்கார்ந்து, கடையில் இருந்த அத்தனை பொருளுக்கும் நூல் கட்டிய அட்டை எழுதினார். 'ஆறு கோப்பை செட். கோப்பை ஐந்து.' 'கம்பளிக் கோட்டு. வலது பையில் ஓட்டை. சாவி போட வேண்டாம்.' 'பழுப்புக் கைப்பை. வார் அறுந்து தைக்கப்பட்டது. தைத்தவர் கோபத்தில் இருந்திருக்கிறார்.' 'சுவர்க் கடிகாரம். நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்கும். உரிமையாளர் இதற்குப் பழகிக்கொண்டிருந்தார்.'

அவர் சிரிக்க வைக்க எழுதவில்லை. மழைக்கு ஒதுங்கிய கல்லூரி ஆசிரியை ஒருவர், அட்டைகளைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது சாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் ஆசிரியை அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டார். "சாவி போட மாட்டேன் சார்" என்றார். அடுத்த சனிக்கிழமை நாலு பேரோடு வந்தார். அவர்கள் அட்டைகளைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அதற்குப் பிறகு பொருள் வாங்க வருகிறவர்கள் பாதி, அட்டை படிக்க வருகிறவர்கள் பாதி. கடையில் தொலைபேசி மணி அடித்தது. தேன் குரலில் மனைவி, "ஆமாங்க, அந்த அஞ்சு கோப்பை இன்னும் இருக்கு" என்று சொன்னார். ஆறு மாதம் முடிந்த நாள் வந்து போனது. கெடுவைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

தையல் மெஷின் வந்தது அதற்கப்புறம். யாரோ வீடு மாறியபோது கொடுத்துவிட்டுப் போனது. காலால் மிதிக்கிற பழைய மெஷின். சாருக்குத் துணியைத் தெரியும், மெஷினைத் தெரியாது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையற்காரம்மாவை மனைவி கூப்பிட்டு அனுப்பினார். கழுத்தில் இஞ்சு டேப்பும், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியுமாக அந்த அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஊசி ஏறி இறங்குவதைக் கவனித்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சாரைப் பார்த்தார்.

"நீங்க காப்பீட்டு ஆபீஸ்ல இருந்தவர்தானே?"

"ஆமாம்மா."

"எட்டு வருஷம் முன்னாடி வரிசைக் கடைங்க எரிஞ்சுதே. மூணாவது கடை என்னோடது. கர்சீப்ப மூக்குல வச்சுக்கிட்டு வந்து நின்னீங்க."

அம்மாளின் முகம் சாருக்கு நினைவில்லை. மெஷின் நினைவுக்கு வந்தது. சூட்டில் வளைந்த ஊசித்தட்டு, கரி மூடிய கழுத்து, பாதி எரிந்த மரப்பலகை. மனிதர்களை மறந்துவிட்டுப் பொருள்களை மட்டும் இத்தனை வருடம் மனசில் வைத்திருக்கிறோம் என்பது அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது.

"பதினாலு வருஷப் பழசு, தேய்மானம் போக மதிப்பில்லன்னு எழுதினீங்க. எரிஞ்சதுக்கு முந்தின நாள் அதுல இருபது சட்டை தச்சு முடிச்சிருந்தேன் சார். அந்தச் சட்டைங்களும் போச்சு. கொடுத்தவங்களுக்கு நான்தான் துணி வாங்கிக் கொடுத்தேன்."

"தேய்மான அட்டவணையில..." என்று ஆரம்பித்தார் சார். ஆபீஸில் எத்தனையோ பேரிடம் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில் அது. பாதியில் நின்றுவிட்டது. "ஓடிட்டிருந்த மெஷினான்னு கேட்டிருக்கணும். நான் கேக்கல" என்றார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மனைவி கல்லாவை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

"இந்த மெஷின நீங்க எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் சார்.

"எதுக்கு? என்கிட்ட இப்ப ரெண்டு இருக்கு. மூணு வருஷம் துணிக் கம்பெனியில உக்காந்து காலர் மட்டும் தச்சு, அதுல வாங்கினது." கோபமாகச் சொல்லவில்லை, அளவு சொல்வது போலச் சொன்னார். "உங்க மனசு ஆறணும்னா அதுக்கு வேற எதையாவது பாருங்க சார்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். தையற்காரம்மா போய்விடுவார் என்றுதான் மனைவி நினைத்தார். ஆனால் அந்த அம்மாள் கதவுப் பக்கம் போகிற வழியில் தொங்கிய ஒரு சட்டையின் அட்டையைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். அதற்கடுத்ததையும்.

"பை ஓட்டை, உள்துணி பிரிஞ்சது, காஜா கிழிஞ்சது... இதெல்லாம் தச்சா போயிடுமே. இதையெல்லாமா எழுதி மாட்டி வச்சிருக்கீங்க?"

இருபத்தாறு வருடமும், கடை வைத்த இந்தக் கொஞ்ச காலமும், குறையைக் கண்டுபிடித்ததோடு தன் வேலை முடிந்தது என்றுதான் சார் நினைத்திருந்தார்.

பேசி முடித்தவர்கள் பெண்கள் இருவரும்தான். செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டு மணிக்கு மேல் தையற்காரம்மா வருவார். மெஷின் கடையிலேயே இருக்கும். கூலி அந்த அம்மாள் சொல்வது. "இன்னொரு விஷயம்கா. நான் தச்ச இடத்த யாரும் குறைன்னு எழுதக் கூடாது." சார் வாயைத் திறப்பதற்குள் மனைவி சரி என்று சொல்லிவிட்டார்.

இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. சாரும் தையற்காரம்மாவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. "இது ஆகுமா?" என்பார் சார். "ஆகும்" அல்லது "ஆகாது" என்பார் தையற்காரம்மா. பழைய விஷயத்தை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாரா என்று மனைவி ஒருநாள் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். "வேலை நல்லா இருக்குக்கா" என்று மட்டும் பதில் வந்தது.

போன வெள்ளிக்கிழமை மதியம் நல்ல மழை மூட்டம். கடையின் உள்மூலை இருண்டு கிடந்தது. தையற்காரம்மா கறுப்புக் கோட்டில் கறுப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், முகத்தைத் துணிக்கு மேலே கொண்டுபோனார். கேட்கவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. சார் எழுந்து போய், விற்க வைத்திருந்த மேசை விளக்கு ஒன்றை எடுத்துச் செருகினார். ஒயர் மெஷின்வரை எட்டவில்லை. ஒயர் எட்டுகிற இடத்தில் நின்று, கையை முழு நீளத்துக்கு நீட்டி, ஊசிக்கு நேர் மேலே விளக்கைப் பிடித்தார். பித்தளை விளக்கு, நல்ல கனம். வாசலில் யாரோ வந்து, "சார், இந்தப் பெட்டி என்ன விலை?" என்று கேட்டார்கள். அவர் திரும்பவில்லை. தையல் காலரின் வளைவுக்கு வந்ததும், விளக்கையும் அதன் கூடவே மெல்லத் திருப்பினார்.