என் பையில் விழுந்த குறிகள்

எங்கள் வீட்டு அறைக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கறுப்புப் பை தொங்கும். சண்டைக் காலத்தில் திருகோணமலையில் அப்படியொரு பை தொங்காத வீட்டை நான் கண்டதில்லை. பிறப்புப் பத்திரம், குடும்ப அட்டை, காணி உறுதி, பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் எல்லாம் அதற்குள் கிடக்கும். ஓட வேண்டி வந்தால் உலையில் இருக்கும் சோற்றை விட்டுவிட்டு ஓடலாம். பையை விட்டுவிட்டு ஓட முடியாது.

நான் முதல் தடவை பையில்லாமல்தான் ஓடினேன். திரும்பி வந்தபோது கடுதாசிகள் இருந்த றங்குப்பெட்டி சாம்பலாகக் கிடந்தது. பிறகு புதுப் பத்திரம் எடுக்க எத்தனை வருசம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு கந்தோரில் கண்ணாடி போட்ட ஒருவர், "நீங்கள் நீங்கள்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார். "என்னைப் பெத்தவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று நானும் கேட்டேன். அதற்காகவே இன்னும் இரண்டு மாதம் அலையவிட்டார். பரவாயில்லை. கேட்டதில் எனக்குக் கவலையில்லை.

அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சட்டம். ஒரு பத்திரம் படலையைத் தாண்டி வெளியே போனால் அதன் பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறக்கூடாது. பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மகள் கந்தோர் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு பழைய கொம்பியூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பையில் இருந்த எல்லாவற்றையும் நகரத்தில் ஒரு கடையில் ஸ்கான் பண்ணி அதற்குள் போட்டாள். எனக்கு ஒரு மஞ்சள் போல்டர், காய்ச்சலில் போய்ச் சேர்ந்த என் மனுசனுக்கு ஒன்று, அவளுக்கொன்று, அவள் தம்பிக்கொன்று, காணிக்கொன்று. எல்லாவற்றையும் மூடி வெளியே ஒரு பெரிய போல்டர். அதற்கு 'அம்மான்ர பை' என்று பெயர் வைத்திருந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சந்தோசந்தான், ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலுமோ? இதை ஒரு சிடியில போட்டுத் தா. அதுக்குப் பிறகுதான் நான் இதைக் கணக்கில எடுப்பன்" என்றேன். "பிறகு செய்வம் அம்மா" என்றாள். அவளுடைய 'பிறகு' எனக்குப் பழக்கம்.

அதற்கிடையில் மகன் லீவில் வந்தான். அவனுக்குக் கொழும்பில் கொம்பியூட்டர் வேலை. வந்த இடத்திலும் கையடக்கமான ஒரு டிஸ்கைக் கொளுவி எங்கள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். அவனுடைய வேலையில் எதை எழுதினாலும் அதற்கு ஒரு காவல் வைப்பார்களாம். யார் எப்போது எதை மாற்றினார் என்று அந்தக் காவல் குறித்து வைக்கும். நேற்று இருந்ததை நேற்று இருந்தபடியே பத்திரப்படுத்தும். நல்லதுதான். ஆனால் அந்தப் பெரிய படிப்புக்காரன், தன் வேலைக்கு வைக்க வேண்டிய காவலை இடம் மாறி என் பைக்கு வைத்துவிட்டான். வைத்தது தெரியாமலே பஸ் ஏறியும் விட்டான்.

அவன் போய் ஒரு கிழமையில் மகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். என்னுடைய போல்டரில் ஒரு பச்சைச் சரிக் குறி. அவளுடையதிலும் தம்பியுடையதிலும் காணியிலும் பச்சைச் சரி. என் மனுசனுடையதில் மட்டும் சிவப்புக் குறி.

பச்சையையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் சோதித்து முடிந்த வீட்டுச் சுவரில் சோக்கால் கீறிவிட்டுப் போவார்கள். என் பையைச் சோதித்தது யார்? அதிலும் என் மனுசனிடம் என்ன பிழை கண்டார்கள்?

"ஏதோ வைரஸாக்கும்" என்று மகள் விட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது தலைக்கு மேல் யோசனை. கனடாவில் இருக்கிற மாப்பிள்ளையோடு கலியாணப் பதிவு எழுதி ஒரு வருசமாகியிருந்தது. அவரிடம் போவதற்கான நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொல்லித் திகதி வந்திருந்தது. தகப்பனின் மரணப் பத்திரம் முதல் எல்லாப் பத்திரங்களையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

விடிந்தால் பஸ் என்ற நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிடி எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் ஓடிப் போய்க் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். சிடி கொள்ளவில்லை. பாரம் கூடிப்போச்சென்று கொம்பியூட்டர் சொல்லியது. ஐந்து போல்டரில் கொஞ்சக் கடுதாசி, அதற்கு என்ன பாரம் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கென்று கர்த்தால், கடையடைப்பு வேறு. நகரத்தில் ஒரு கடை திறக்கவில்லை.

"அம்மா, பிரதி இல்லாட்டிலும் பரவாயில்லை. நான் பையைக் கொண்டு போறன்."

"சிடி இல்லாட்டிப் பை கதவுக்குப் பின்னால தொங்கும். நீ போறதெண்டால் சும்மா போ."

மகனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, என்ர பைக்குள்ள என்னத்தை வச்சிட்டுப் போனனி?"

"ஒண்டும் வைக்கேல்லையே அம்மா."

"எல்லாம் பச்சை பச்சையாக் கிடக்கு. அப்பாவுக்குச் சிவப்பு."

"அக்காட்டக் குடுங்கோ" என்றான்.

"எனக்குச் சொல்லு. பை என்ர."

காவல் இடம் மாறிய கதையை அப்போதுதான் சொன்னான். ஒவ்வொரு போல்டருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு போல்டர் ஒளித்திருக்கிறதாம். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின் பிரதியும் அதற்குள் கிடக்கிறதாம். பாரம் இரண்டு மடங்கானது அதனால்தான்.

"அப்ப அப்பாவுக்கு மட்டும் ஏன் சிவப்பு?"

பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள்: "அப்பான்ர பத்திரத்தைக் கடைக்காரன் தலைகீழாத்தான் ஸ்கான் பண்ணியிருந்தவன். தம்பி போன பிறகு நான் நிமித்தினனான்."

"அதுதான்" என்றான் அவன். "முந்தி இருந்த மாதிரி இல்லை, ஆரோ கை வச்சிட்டினம் எண்டு சொல்லுது."

"செத்த மனுசனிலயும் பிழை பிடிக்குதோ உன்ர காவல்?" என்று கேட்டுவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தேன்.

ஒளித்திருப்பதை எப்படிக் கண்ணுக்குத் தெரியவைப்பது என்று சொல்லிக் கொடுத்தான். அது மங்கலாகத் தெரியும், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். அதை மட்டும் ஒவ்வொரு போல்டருக்குள்ளும் போய் அடியோடு அழிக்க வேண்டும். மற்றதில் கை படக்கூடாது. காவல் போய்விடும், கடுதாசி இருக்கும். கேட்க லேசுதான். மகளோ கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, இதை அழிக்க எல்லாம் போச்சுதெண்டால்?"

"பை இப்ப என்ர கையில கிடக்கு. பிழைச்சால் இண்டைக்குப் பிழைக்கட்டும். நாளைக்கு நீ பையோட போன பிறகு பிழைச்சால்தான் கரைச்சல். அழி."

அழித்தாள். என்னுடைய பச்சை போனது. அவளுடையது போனது. தம்பி, காணி, இரண்டும் போயின. உள்ளே இருந்தவை இருந்தபடி இருந்தன. நான் எட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததுக்கு விட்டேன். நாலு சரியாக வந்ததும் அவளுக்குக் கை வேகமாகிவிட்டது. அப்பாவின் போல்டருக்குள் போக முதலே அழித்துவிட்டாள். மங்கலாகத் தெரிந்ததை அல்ல, அந்த மஞ்சள் போல்டரையே. என் கண்ணுக்கு முன்னால் என் மனுசன் அந்த வரிசையில் இல்லாமல் போனார்.

"திருப்பி எடு."

"அடியோட அழிச்சிட்டன் அம்மா. எடுக்க ஏலாது."

திரும்ப ஸ்கான் பண்ணக் கடை இல்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லப் போவது அவளுக்குத் தெரியும்.

"மற்ற எல்லாத்தையும் கொண்டு போ. அப்பான்ர நிக்கட்டும்."

"அது இல்லாமல் போய் என்ன செய்ய? திருப்பி அனுப்பிப்போடுவினம். இன்னொரு திகதிக்கு எத்தினை மாசமோ. அந்த மனுசன் கனடாவில ஒரு வருசமாத் தனியச் சமைச்சுச் சாப்பிடுது."

"அந்தப் பத்திரத்துக்கு நான் மூண்டு வருசம் நடந்தனான்."

அவள் கதிரையில் இருந்து முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். என்னைப் பிடிவாதக்காரி என்று மனதுக்குள் சொல்லியிருப்பாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் குந்தியிருந்தேன். எழும்பவில்லை.

போன் அடித்தது. சரிவந்ததா என்று கேட்க மகன்தான் எடுத்திருந்தான். அவள் அழுதழுது சொன்னாள். சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பான்ர பத்திரம் தம்பியிட்டக் கிடக்காம்."

காவல் வைத்த அன்றே, அது எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து அவன் கொளுவியிருந்த டிஸ்குக்குள் போட்டுவிட்டதாம். அவன் அதைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போயிருக்கிறான். இதை முதலே சொல்ல அந்த வாய்க்கு என்ன கேடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வாங்கினேன்.

"கிடக்கு எண்ட கதை வேண்டாம். திறந்து வாசி."

"பொறுங்கோ அம்மா. தலைகீழாக் கிடக்கு."

தலைகீழாக் கிடக்கு என்றதும் பாதி நம்பினேன். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசிப்பது போனிலேயே கேட்டது. இறந்த திகதி சொன்னான். இடம் சொன்னான். "அறிவித்தவர் எண்ட இடத்தில உங்கட கையெழுத்துக் கிடக்கம்மா. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியால போயிருக்கு."

அது உண்மை. அன்றைக்கு என் கை அப்படித்தான் இருந்தது.

"அதை நான் கேக்கேல்லை" என்றேன். "அது அப்பிடியே கிடக்கட்டும்."

"தேவையில்லாதது, நாளைக்கு அழிப்பம் எண்டிருந்தனான்."

"அழிச்சுப் பார்."

பின்னேரமே நாலு பேரும் ஒரு சிடிக்குள் அடங்கினார்கள், அதாவது நானும் இரண்டு பிள்ளைகளும் காணியும். என் மனுசனின் பிரதிதான் ஏற்கெனவே கொழும்பில் இருந்ததே. அதைச் சேலைத் துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். விடிய மகளின் தோளில் பையை நானே மாட்டிவிட்டேன். ஒரு சோதனைச் சாவடியிலும் அதைக் கையிலிருந்து விடக்கூடாது, நித்திரை கொள்ளக்கூடாது என்று பஸ் வெளிக்கிடும் வரைக்கும் சொன்னேன். நேர்முகம் நல்லபடி முடிந்தது. நாலாம் நாள் பையும் அவளும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன்.

அடுத்த லீவுக்கு மகன் வந்தபோது, அவன் கொம்பியூட்டருக்குக் கிட்டப் போக முதல் கையை நீட்டினேன்.

"அந்த டிஸ்கைத் தா."

"அம்மா, அதுக்குள்ள என்ர வேலை எல்லாம் கிடக்கு."

"அப்பாவும் கிடக்கிறார். போகேக்க தருவன்."

வாங்கிப் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பின்னால் கொளுவினேன்.