குரங்கம்மாவும் நான் கழுவிய பாட்டில்களும்

என் மருமகளுக்குத் தெருவில் குரங்கம்மா என்று பேர். அந்தப் பேரை வைத்தவள் எதிர்வீட்டுத் தையல்காரி. ஆனால் காரணம் நான்தான். "உங்க மருமக என்ன வேலை பாக்குறா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரிந்ததை, "தண்ணி பரிசோதிக்கிற ஆபீசுல குரங்கோட சிறுநீரகத்தை வளக்குறா" என்று சொன்னேன். அவள் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசி மடியில் விழுந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே பேர் தெரு முழுக்கப் பரவியது.

அந்த ஆபீசில் குரங்கு கிடையாது. குரங்குப் படம்கூடக் கிடையாது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஒரு நாட்டில், ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து யாரோ கொஞ்சம் செல் எடுத்திருக்கிறார்கள். குரங்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. செல் மட்டும் சாகாமல், ஒரு பாட்டிலிலிருந்து இன்னொரு பாட்டிலுக்குக் குடிமாறிக் குடிமாறி என் மருமகள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டிலைப் படுக்கவைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு பாய் விரித்த மாதிரிப் பரவும். அதற்குச் சிவப்புத் தண்ணீர்தான் சாப்பாடு. தின்று தின்று சிவப்பை மஞ்சளாக்கிவிடும். மஞ்சளானால் பசிக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். நம் உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், தண்ணீரில் இருக்கும் வைரஸைப் பிடிக்க. அது தண்ணீரில் தானாக வளராது, உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக வடிகட்டி, கடைசியில் ஒரு ஸ்பூன் அளவுக்குச் சுருக்கி, அதை அந்தச் செல் மேல் ஊற்றுவார்கள். தண்ணீர் நல்லதென்றால் பாய் விரித்தது விரித்தபடி இருக்கும். வைரஸ் இருந்தால் செல்லெல்லாம் உருண்டை உருண்டையாகச் சுருங்கி, அடியை விட்டுக் கழன்று மிதக்கும். என் மருமகள் ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்தது.

அவளுக்கு அந்தச் செல் மேல் இருக்கிற அக்கறையை என்னவென்று சொல்வது. கல்யாணத்தன்று காலையில் பெண்ணைக் காணோம் என்று தேடினோம். தலையில் பூவோடு ஆபீசில் பாட்டிலுக்குச் சாப்பாடு மாற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் பால் வைத்தால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடும். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு உள்ளே தேடுவாள். செல்லுக்கு மட்டும் ஒரு வேளை தவறாது. லீவு நாளிலும் காலையில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"நான் மனுசனாப் பொறந்தது தப்பும்மா. குரங்காப் பொறந்திருந்தா என்னையும் நேரத்துக்குக் கவனிச்சிருப்பா" என்பான் என் மகன்.

"முழுக் குரங்கு வேண்டாங்க, சிறுநீரகம் மட்டும் போதும்" என்பாள் அவள், சிரிக்காமல்.

அங்கே பாட்டில் கழுவுகிறவள் வேலையை விட்டபோது, "சும்மா உக்காந்து என் பாத்திரத்தைக் குறை சொல்றதுக்கு, வந்து ஆபீஸ் பாட்டிலைக் கழுவுங்களேன் அத்தை" என்றாள். குத்தலாகத்தான் சொன்னாள். நான் மறுநாளே கிளம்பிவிட்டேன். வீட்டில் நான் மாமியார், ஆபீசில் அவள் மேலாள். வாசற்படி தாண்டினால் அதிகாரம் கை மாறும்.

அந்தக் கழுவல் லேசுப்பட்டது இல்லை. சோப்பு ஒரு துளி தங்கினாலும் செல் செத்துப்போகும். குழாய்த் தண்ணீரில் பத்து அலசல், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று அலசல். எண்ணிக்கை தப்பாமல் இருக்கப் பதின்மூன்று தீக்குச்சி வைத்திருந்தேன். ஒவ்வொரு அலசலுக்கும் ஒரு குச்சி இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்குப் போகும். திங்கட்கிழமை கழுவியதற்கு நீல நாடா, வியாழக்கிழமை கழுவியதற்கு மஞ்சள் நாடா. நாலு வருஷமாக ஒரு பாட்டிலில்கூடக் குறை வந்தது கிடையாது.

போன வருஷம் மழைக்கு அப்புறம் கிழக்குத் தொட்டித் தண்ணீர் பரிசோதனைக்கு வந்தது. அந்தத் தொட்டியிலிருந்துதான் என் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும், எங்கள் தெருவையும் சேர்த்து மூன்று தெருவுக்கும் தண்ணீர் போகிறது. ஆறு பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு பாட்டிலில் ஒன்றும் ஊற்றாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியே வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் மைக்ராஸ்கோப்பை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் ஊற்றிய ஆறிலும் செல் உருண்டு கிடந்தது. சும்மா வைத்த இரண்டும் நன்றாக இருந்தது.

பெரிய ஆபீசர் வந்து பார்த்தார். பாட்டிலைத் திருப்பி நாடாவைப் பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார்.

"என்னம்மா, செத்த ஆறும் மஞ்சள் நாடா. நல்லா இருக்கிற ரெண்டும் நீல நாடா. இது தண்ணில இருக்கிற கிருமியா, வியாழக்கிழமைக் கழுவல்ல தங்கின சோப்பா?"

என் மருமகள் எட்டு நாடாவையும் மறுபடி பார்த்தாள். "தப்பு என்னுது சார். எட்டையும் ஒரே நாள் கழுவின பாட்டில்லதான் வச்சிருக்கணும். நீலத்துல ரெண்டு மிச்சம் இருந்துச்சு, அதை எடுத்துட்டேன். இப்ப எதுன்னு என்னால சொல்ல முடியல."

நான் துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன். "சோப்பு இல்ல ஐயா. பதிமூணு அலசல். எனக்கு எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும்."

"வயசாயிடுச்சும்மா, கை தவறுறது சகஜம்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

அவள் ஒரு வார்த்தை எனக்காகச் சொல்வாள் என்று பார்த்தேன். எங்க அத்தை அப்படியெல்லாம் விடமாட்டாங்க என்று சொன்னால் வாய் வலிக்குமா? சொல்லவில்லை. "நாலு நாள் குடுங்க சார். செத்த பாட்டில்ல இருக்கிறதுல ஒரு துளி எடுத்துப் புதுச் செல் மேல ஊத்தறேன். சோப்புன்னா ஒரு துளில கரைஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிடும், செல் பொழைக்கும். வைரஸ்னா பெருகியிருக்கும், முன்னைவிட வேகமாச் சாகும். அதோட மஞ்சள் நாடாப் பாட்டில் மூணுல எதுவுமே ஊத்தாமச் செல் மட்டும் வளத்துப் பாக்கறேன்" என்றாள்.

அவர் யோசித்தார். உறுதியாகாமல் தொட்டியை மூட முடியாது என்றார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போன் பண்ணி, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொன்னார். தெருக்களுக்கு முடிவு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

அப்புறம்தான் அவள் என் தலையில் கல்லைப் போட்டாள். புதுச் செல்லுக்கு அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தாள். பொட்டலம் பிரிக்காமல் வருகிற பாட்டில், யாரும் கழுவ வேண்டாதது.

"நான் கழுவித் தர்றேன். நீயே பக்கத்துல நின்னு எண்ணிக்கோ."

"வேண்டாம் அத்தை. இந்தத் தடவை உங்க கை படக் கூடாது."

"என்னை நம்பலையா நீ?"

"நான் நம்புறேனா இல்லையாங்கறது பாட்டிலுக்குத் தெரியாது அத்தை."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். பேச்சை நிறுத்திவிட்டேன். மகன் வழியாகத்தான் எல்லாம். "உன் பொண்டாட்டிகிட்ட டீ வேணுமான்னு கேளு" என்பேன், அவள் என் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்பாள். "உங்க அம்மாகிட்ட வேணும்னு சொல்லுங்க" என்பாள்.

பேச்சை நிறுத்தினேனே தவிர, கையை நிறுத்தவில்லை. வீட்டில் இருக்கிற பெரிய பாத்திரத்தையெல்லாம் அடுப்பில் ஏற்றித் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். என் கழுவல் சரி என்றால் தண்ணீரில் வைரஸ் இருக்கிறது. என் கழுவல் சரி. அப்புறம் என்ன? எதிர்வீட்டுத் தையல்காரி புகையைப் பார்த்துவிட்டு, "என்ன இவ்வளவு கொதிக்குது, வீட்ல பிரசவமா?" என்றாள்.

"கிழக்குத் தொட்டியில கிருமி. காய்ச்சாமக் குடிச்சா வயித்தால போகும், காய்ச்சல் வரும். புள்ளைங்க இருக்கிற வீடெல்லாம் காய்ச்சிக் குடிக்கச் சொல்லு."

அவளிடம் ஒன்றைச் சொன்னால் போதும், போன் வேண்டாம். இருட்டுவதற்குள் மூன்று தெருவிலும் தண்ணீர் கொதித்தது.

மறுநாள் காலை என் மருமகளே பேச்சுவார்த்தையைத் திறந்தாள். கத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். "அத்தை! ஆபீஸ் விசயத்தைத் தெருவுல சொல்லலாமா? இன்னும் உறுதி ஆகலை!"

"உனக்கு ஆகலை. எனக்கு ஆயிடுச்சு."

"நாளைக்குச் சோப்புன்னு வந்தா? மூணு தெருவும் உங்களைப் பாத்துச் சிரிக்கும். என் வேலை போகும்."

"சோப்புன்னு வந்தா நானே வீடு வீடாப் போயி, கெழவி சரியாக் கழுவலைன்னு சொல்லிட்டு வர்றேன். காய்ச்சின தண்ணி யாரையும் கொல்லாது."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் ஆற்றி வைத்திருந்த தண்ணீரை ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தாள். குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், நான் ஆபீசில் கழுவுகிற தொட்டியில் கை விட்டுப் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கதவருகில் நின்றாள்.

"அத்தை, கையைத் துடைச்சிட்டு வாங்க."

மைக்ராஸ்கோப்பில் முதலில் மஞ்சள் நாடாப் பாட்டிலை வைத்தாள். நான் கழுவியது, எதுவும் ஊற்றாதது. பாய் விரித்த மாதிரி நெருக்கமாக, ஓட்டையே இல்லாமல் இருந்தது. மூன்றும் அப்படியே. அப்புறம் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தாள். பாதிக்குப் பாதி உருண்டு மிதந்தது. முதல் தடவை மூன்று நாள் எடுத்தது, இப்போது இரண்டே நாள்.

"கிருமியேதான்" என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் "பாத்தியா!" என்று கை தட்டிவிட்டேன். தட்டிய கை பாதியில் நின்றது. அந்தத் தண்ணீரைத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழை விட்டதிலிருந்து, ஆபீசர் போன் பண்ணும்வரை குடித்துக்கொண்டிருந்தார்கள். என் பேத்தியும் அதில் ஒருத்தி. இதற்கா கை தட்டினேன் என்று வெட்கமாகப் போய்விட்டது. அவள் என்னைக் கவனிக்கவில்லை. அதற்குள் ஆபீசர் அறைக்குப் போயிருந்தாள்.

கண்ணாடிக் கதவு வழியாக அவள் குரல் கேட்டது. எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள், அன்றைக்கு முழுக் குரலில் பேசினாள். "கழுவல்ல எந்தக் குறையும் இல்ல சார். என் ஏற்பாட்டுல குறை. ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதிட்டேன். இப்பத் தொட்டியை மூடச் சொல்லுங்க."

சாயங்காலத்துக்குள் தொட்டியை மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. ஒரு வாரம் தோண்டி, சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் விரிசல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். எல்லாரும் குணமாகி எழுந்துவிட்டார்கள். தெருவில் சொன்னதற்காக எனக்கு ஆபீசர் அறையில் நல்ல திட்டு கிடைத்தது. அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டு நியாயமானது என்று பிறகு வெளியே வந்து சொன்னாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சேர்ந்தே நடந்தோம். கேட்டேவிட்டேன்.

"உண்மையைச் சொல்லு. நான் சரியாத்தான் கழுவியிருப்பேன்னு உனக்குத் தோணுச்சா இல்லையா?"

"பாதிதான் அத்தை."

"அடிப்பாவி! ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்டப் பொய் சொன்னா ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருவீங்க" என்று என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஆபீசில் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். எந்த நாள் கழுவினாலும், அன்றைய பாட்டிலில் ஒன்றை எடுத்து, எதுவும் ஊற்றாமல் செல் மட்டும் வளர்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அந்தப் பாட்டிலுக்கு ஏதோ நீளமாக ஒரு பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள். வாயால் கூப்பிடுவதற்கு எல்லாருக்கும் அத்தை பாட்டில்தான். பெரிய ஆபீசரே காலையில் வந்ததும், "என்னம்மா, அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார்.

"நல்லா இருக்காங்க சார். பசிக்குதாம், மஞ்சளா நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, சிவப்புத் தண்ணீரை எடுக்கப் போவாள் என் குரங்கம்மா.