குளிரறை வாசலில் நின்றவர்

பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த புஷ்பம் அக்கா போனில் அழவில்லை. "லீமா பெய்ட்டா மக்கா. நெஞ்சு வலிக்குன்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார். "கேக்குதா? மவன் கத்தார்லேருந்து வரணும். அதுவரை ஃப்ரீசர் பெட்டியில வச்சிருக்கு. வாறியா?" என்றார். அழுகை வருவதற்கு முன்னால் ஃப்ரீசர் என்ற அந்த ஒரு சொல்தான் என்னைத் தொட்டது.

நாகர்கோவில் பக்கத்து மீன் கம்பெனியில் என்னோடும் லீமா அக்காவோடும் வேலை பார்த்த நீங்கள்தான், நினைவுப் பூசைக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். "நீதானே நம்மள்ல படிச்சவ" என்றீர்கள். எழுதுகிறேன். இனிப்பாக மட்டும் எழுத எனக்கு வராது.

அருமனையில் ரப்பர் பால் வெட்டுபவரின் மகள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அந்தக் கம்பெனியில் ஃப்ரீஸ் என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. கணவாய் மீனை ஃப்ரீஸ் பண்ணுவார்கள். கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஆகும். சம்பள உயர்வை மேனேஜர் ஃப்ரீஸ் பண்ணுவார். யாராவது கேள்வி கேட்டால் நானும் அப்படியே ஆகிவிடுவேன். என் பக்கத்து மேசையில் கணக்கு பார்த்த லீமா அக்கா சொல்வார்: "இந்த ஒரு வார்த்தைய வச்சே இவனுவ கம்பெனி நடத்திருவானுவ மக்கா. அகராதில ஒனக்குன்னு அதுக்கு என்ன அர்த்தம் போட்டிருக்குன்னு பாரு, பேச்சு வராதவன்னு இருக்கும்."

குளிரறைக்கு ஒரு வழக்கம் இருந்தது, உங்களுக்குத் தெரியும். உட்புறக் கைப்பிடியில் பனி உறைந்து, கதவு சிக்கிக்கொள்ளும். அதனால் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும். சரக்கு பார்க்க நான் போகும்போதெல்லாம் வாசலில் நின்றது லீமா அக்கா.

"ஏட்டி, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"சத்தமா சொல்லு. தொண்டையில முள்ளு மாட்டிருக்கா? செத்துட்டான்னு நெனச்சு நா மாலை வாங்கப் போயிருவேன்."

ஒருநாள் நான் உள்ளே இருந்தபோது மேனேஜர் அவரை அவசரமாகக் கூப்பிட்டார். கனத்த கதவு வழியாகவும் அக்காவின் குரல் கேட்டது. "பிள்ள உள்ள நிக்கி சார். அவ வெளிய வரட்டும், நா வாறேன்." மேனேஜர் கத்தினார். அக்கா நகரவில்லை. வெளியே வந்த என்னிடம், "ஆள் உள்ள இருக்கும்போ வாசல விட்டுப் போறவ மனுசியா?" என்று மட்டும் சொன்னார். நான் அந்தச் சொல்லை நம்பினேன். மேனேஜர் அறையில் வாய் அடைத்துப்போகும்போதெல்லாம் அக்காவைப் பார்ப்பேன். எனக்காக அவர் பேசுவார்.

அப்புறம் அந்தக் காலை. குளிரறைக் கதவு சரியாகப் பூட்டப்படாமல் கிடந்து, இரவோடு கணவாய்ச் சரக்கு முழுவதும் இளகிப்போயிருந்தது. முந்தின நாள் மாலை நான் அருமனை பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, "நீ போ, நா சாத்திக்கிடுதேன்" என்றவர் லீமா அக்கா. எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அப்பாவுக்கு முட்டுவலி வந்து, மரத்துக்கு மரம் நடக்க முடியாமல் இருந்தார்.

"கடைசியா யார் சாத்தினது?" என்று மேனேஜர் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. வழக்கம்போல் அக்காவைப் பார்த்தேன். அவர் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடைசியா உள்ள போனது இவதான் சார்."

அது பொய் இல்லை. கடைசியாக உள்ளே போனது நான்தான். யார் சாத்தினார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"உன் கன்ஃபர்மேஷன இப்போதைக்கு ஃப்ரீஸ் பண்றேன்" என்றார் மேனேஜர். அந்த 'இப்போதைக்கு' முடியவே இல்லை. நான் வேலையை விட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் கல்ஃபில் வேலை போய்த் திரும்பி வந்திருந்த நேரம் அது என்று பிறகு உங்களில் பலர் சொன்னீர்கள். காரணம் அதுவாக இருக்கலாம். அதை அவர் வாயால் கேட்கக் காத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வாட்ஸப்பில் நட்சத்திரப் படம் வந்தது, ஈஸ்டருக்கு லில்லிப் பூ வந்தது. அந்த விளக்கம் மட்டும் வரவில்லை. இனி வரவும் வராது. செத்துப்போய் அக்கா என்னை இரண்டாவது தடவை ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

கடற்கரையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத்தான் நினைத்திருந்தேன். கண்ணாடி மூடியின் உள்ளே நீர் கோத்து, முகம் மங்கலாகத் தெரிந்தது. ஃப்ரீசர் பெட்டி, கம்பெனிக் குளிரறை மிஷினைப் போலவே உறுமியது. ஜெபம் சொன்னவர்கள் கடுங்காப்பி குடிக்க எழுந்தார்கள். பெட்டியருகே யாரும் இல்லை.

"ஏட்டி, நீயும் வந்து குடி" என்றார் புஷ்பம் அக்கா.

"நீங்க போங்கக்கா. நா நிக்கேன்."

"எதுக்கு? அவ எங்க போவப்போறா?"

கோபம் அப்படியே இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. கத்தாரிலிருந்து மகன் வந்து, மூடியைத் திறந்து, அவரை வெளியே எடுக்கும்வரை நின்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதுவதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. லீமா அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த ஒரு பழக்கம்தான்: உள்ளே ஆள் இருக்கும்போது வாசலை விட்டுப் போகாமல் இருப்பது. கற்றுக்கொடுத்தவர் ஒருமுறை, அந்த மேனேஜர் அறையில், என்னை விட்டுப் போய்விட்டார். நான் போகவில்லை.