கண்டுபிடித்தாள், உட்காரவில்லை

வீட்டில் என் அக்காவுக்கு வானொலி என்று பெயர். அம்மா வைத்தது. அணைக்கக் குமிழ் இல்லாத வானொலி என்று கல்யாணத்துக்குப் பிறகு அத்தான் திருத்தினார். அப்படிப்பட்டவளுக்கு வாயைத் திறக்காமல் இருப்பதே வேலையாக வாய்த்தது.

பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு செயலி தயாராகிக்கொண்டிருந்தது. எந்த மாடியில் எந்த அறை காலி, எந்த மேசைக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது என்று போனிலேயே பார்த்து, இடத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அது மாணவர்களுக்குக் கைவருகிறதா என்று சோதிப்பது அக்காவின் பொறுப்பு. ஒருவரை உட்காரவைத்து, படிக்க ஓர் இடம் தேடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் எவ்வளவு திணறினாலும் வழி சொல்லக்கூடாது. சொன்னால் சோதனை கெட்டுவிடும். முதல் வாரம் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள்.

"கண்ணு முன்னாடி பட்டன் இருக்குடா. அந்தப் பையன் உலகமெல்லாம் சுத்துறான். நான் நாக்கைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார் அத்தான்.

வேலை தற்காலிகம்தான். செயலி குறித்த நாளில் வெளிவந்தால் நிரந்தரமாக்குவதாகத் தலைமை நூலகர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவள் அக்கா. இதை மலைபோல நம்பியிருந்தாள்.

கடைசிச் சோதனைக்கு முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். மளமளவென்று அழுத்தி, மூன்றாம் மாடியில் ஒரு சிறிய அறையைப் பதிவு செய்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. வெற்றி என்று குறித்துக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அவ்வளவு நேரம் வாயைக் கட்டியிருந்த ஏக்கமோ என்னவோ, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அக்காவும் கூட மாடியேறினாள்.

அறைக்குள் மூத்த மாணவன் ஒருவன் மடிக்கணினியும் புத்தகமுமாகக் கடை விரித்திருந்தான். பதிவு செய்தவனில்லை. அந்தப் பெண் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். கைப்பிடியில் கை வைத்தாள், எடுத்தாள். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். அக்கா ஏன் என்று கேட்டாள்.

"அவரு சீனியர்க்கா. எந்திரிங்கன்னு எப்படிச் சொல்றது?"

அவனை எழுப்ப அக்காவுக்கு ஒரு வார்த்தை போதும். எழுப்பவில்லை. அன்று எங்களிடம் சொன்னாள்: "நாக்கு நுனி வரைக்கும் வந்திடுச்சுடா. ஆனா நாளைக்கு அவ வரும்போது நான் பக்கத்துல இருப்பேனா?"

மறுநாள் தலைமை நூலகரிடம் சோதனை தோல்வி என்றாள். அவருக்குப் புரியவில்லை. அந்தப் பெண் அறையைக் கண்டுபிடித்தாளா இல்லையா என்று கேட்டார்.

"கண்டுபிடிச்சா சார். உக்காரல."

அது செயலியின் குற்றமில்லை, அந்தப் பெண்ணின் கூச்சம் என்றார் அவர். கூச்சமில்லாதவர்களுக்குச் செயலியே தேவையில்லை, அவர்கள் எப்படியும் இடம் பிடித்துவிடுவார்கள் என்றாளாம் அக்கா.

வெளியீடு தள்ளிப்போனது. நிரந்தரமும் கூடவே தள்ளிப்போய், கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் ஒவ்வோர் அறைக் கதவிலும் சின்னதாக ஒரு விளக்கு வந்தது. பதிவு செய்தவரின் நேரம் வந்துவிட்டால் உள்ளேயும் வெளியேயும் சிவப்பாக எரியும். யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

அக்கா இறந்த பிறகு, வீட்டில் அவள் மேசையில் கிடந்த நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு, மூன்றாம் மாடிக்கு ஏறி, காலியாக இருந்த ஓர் அறையில் உட்கார்ந்தேன். பதிவு செய்யத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு சிவந்தது. வெளியே ஒரு மாணவி, என்னைப் பார்க்காமல் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்து கதவைத் திறந்தேன்.

"பரவால்ல சார், மெதுவா வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். அக்காவாக இருந்தால் என்னைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அவளே சொல்லி முடித்திருப்பாள்.