இடது காலும் கிளட்ச் பெடலும்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை. திருப்பதியிலிருந்து திருச்சானூர் போகும் வழியில் இருந்த ஒரு கார் ஷெட்டில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். அங்கே மாம்பழக்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஊதாரித்தனம், மூன்று கை மாறி வந்த ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். "ஒரு மூட்டை அரிசி வைக்க எடமில்ல, இதுக்குப் பேரு காரா?" என்பாள் என் மனைவி. ஆனால் அதில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பதே மறந்துபோகும்.

அந்த வருடம், கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி 'கர்ர்' என்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. சித்தூரில் அந்த வண்டியில் கை வைக்க யாரும் துணியவில்லை. விசாரித்து, இந்த ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரிக்காரர், நாற்பது வயது இருக்கும். தெலுங்கில் ஆரம்பித்தவர், நான் போனில் மனைவியோடு தமிழில் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் உள்ளே கியர்கள் உரசாமல் சேர உதவும் ரிங்குகள் தேய்ந்திருந்தன. ஸ்லேவ் சிலிண்டரும் லேசாகக் கசிந்திருந்தது. பெடலை மிதித்தால் ஆயில் போய்த் தள்ளி, கிளட்சை விடுவிக்கிற சின்ன சிலிண்டர் அது. என் வண்டியில் அதை கியர்பாக்ஸுக்கு உள்ளேயே வைத்திருந்தார்கள்.

"இது போச்சின்னா மறுபடியும் மொத்தத்தையும் எறக்கணும் சார். எப்பிடியும் எறக்கிட்டோம், வெளிய மாட்ற மாதிரி மாத்திடலாம்" என்றார். சரி என்றேன். கியர் கடித்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் லீவ் போட்டு, தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடியும் என்றதால் மனைவியும் கூட வந்தாள். அவள் திருச்சானூர் கோயிலில் பத்மாவதித் தாயாரைத் தரிசித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஷெட்டுக்கு வந்துவிடுவாள், இருவரும் காரில் வீடு திரும்பலாம் என்பது ஏற்பாடு.

கடைசி வேலை, கிளட்ச் ஆயில் போகிற பைப்பில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டிக்கு அடியில் இருந்த பள்ளத்தில் அவர் இறங்கி நின்றுகொண்டார். நான் சீட்டில். அவர் "அழுத்துங்க" என்றால் பெடலை அழுத்தி, "வுடுங்க" என்கிறவரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

"சார், வுட்றாதீங்க. காத்து உள்ள போவுது."

"எங்கப்பா வுட்டேன்? அழுத்திக்கினுதானே இருக்கேன்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்திக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். பத்து முறை, பதினைந்து முறை ஆயிற்று. காற்று போகவே இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கம்பெனிக்காரன் வச்சத கழட்டிட்டு என்னத்தையோ மாட்டிக் கெடுத்துட்டியே! தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். பழசையே உள்ள மாட்டிக் குடு!" என்று கத்தினேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். பள்ளத்திலிருந்து ஏறி வந்தவரின் முகம் சுருங்கியிருந்தது. ஆனாலும், "பர்வாலேது சார், இன்னொரு தபா பாக்கலாம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் மனைவி கையில் பிரசாதத்தோடு வந்து இறங்கினாள். அவர் அவளிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் உக்காந்து பெடல அழுத்துங்க. சார் கீழ வந்து பாக்கட்டும்" என்றார். கார் ஓட்டவே தெரியாதவள், தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். நான் பள்ளத்தின் படியில் இறங்கும்போது, கேட்காமலே அவர் தோளைக் கொடுத்தார்.

"அழுத்துங்கம்மா."

புது சிலிண்டரின் கம்பி ஒரே சீராக நகர்ந்தது. கடைசிவரை போய் நின்றது. அவர் "வுடுங்க" என்கிறவரை ஒரு நூல்கூட அசையவில்லை. நாலைந்து முறையில் காற்று முழுக்கப் போய்விட்டது.

நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் காதோரம் குனிந்து, மேலே இருக்கிறவளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "காலு எத்தினி நாளா இப்பிடி கீது சார்?"

நான் குனிந்து என் இடது காலைப் பார்த்தேன்.

"காத்தால வரச்சொல்லோ எடது கால் செருப்பு வாசல்லயே கழண்டுக்கிச்சி. அது தெரியாமயே உள்ள வந்துட்டீங்க. நான்தான் எடுத்தாந்து வச்சேன். வண்டி ரெடி சார். ஆனா இன்னிக்கி சாவி தரமாட்டேன். அம்மா கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

ஆறு மாதமாக அந்தக் கால் மரத்துப்போவதும் படியில் தடுக்குவதும் எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டாதே என்பாரே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பெடலைக்கூடப் பிடித்து வைக்க முடியாத அளவுக்குப் போயிருக்கும் என்று நினைக்கவே இல்லை. கிளட்சை முழுசாக மிதிக்காமல் கியரைக் கடிக்க வைத்ததில் பாதி என் கால்தான்.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். "கியர்பாக்ஸுக்கு ஒரு வாரம் அலைஞ்சீங்களே, இந்தக் காலுக்கு ஒரு நாள் கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மெக்கானிக்கே தன் வண்டியில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். முதுகெலும்பில் நரம்பு அழுந்தியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கால் திரும்பியிருக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அதுவரை கார் அந்த ஷெட்டிலேயே நின்றது.

டாக்டர் இனி ஓட்டலாம் என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கப் போனோம். நான் அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் பள்ளத்தில் இறங்கி, "அழுத்துங்க சார்" என்றார். அழுத்தினேன். மனைவி ஜன்னலோரம் நின்று இருபது வரை எண்ணினாள்.

"கம்பி அசையவே இல்ல சார்!" என்று கீழேயிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

ஊரே பார்க்க அவரை நான் அவமானப்படுத்தினேன். அவரோ என் குறையை என் காதுக்கு மட்டும் சொன்னார். இன்றைக்கும் தொழிற்சாலையில் யாரிடமாவது குரலை உயர்த்தப் போனால், அந்தப் பள்ளத்தில் கேட்ட அந்தச் சின்னக் குரல் நினைவுக்கு வந்து, பக்கத்தில் போய் மெதுவாகப் பேசுகிறேன்.